பெரட்டு மணியும் பள்ளிக்கூட மணியும்

பட்டணத்துச் செய்திகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு சொல் 'நீக்குப்போக்கான வேலை நேரம்'. எட்டு மணிக்கு வர வேண்டியவர் பத்து மணிக்கு வரலாம், ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் முடிக்கலாம், அலுவலகம் பக்கமே போகாமல் வீட்டில் உட்கார்ந்தும் செய்யலாம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். முப்பது ஆண்டு பால் வெட்டி ஓய்ந்த நம் உறவுக்காரப் பெரியவர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"அதுக்கென்னா தம்பி, பால் மரத்தப் பேத்தெடுத்தாந்து வீட்டு வாசல்ல நட்டுக்கச் சொல்றாங்களா?"

கேட்ட நமக்கும் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், இந்தப் பட்டணத்துக்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்ததைத் தோட்டம் நூறு வருடமாகச் செய்து வருகிறது. தோட்டத்தில் வேலை நேரம் என்றைக்கு நேராக நின்றது? மழை பெய்தால் வளையும். இலை உதிர்ந்தால் வளையும். லோரி வராவிட்டால் வளையும். செம்பனைக் குலை அதிகமாகப் பழுத்தால் இன்னும் வளையும். ஆனால் வளைந்து கொடுத்தது எப்போதும் ஒரே பக்கம்தான். அது எந்தப் பக்கம் என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே இந்த வாரம் இதைப் பற்றிப் பேசுவோம். நேரத்தை வளைப்பதில் தொழிலாளிக்கும் ஒரு சொல் இருந்தால் அவன் வீட்டுக்கு என்ன நன்மை? தோட்டத்துக்கு என்ன நட்டம்? நட்டம் உண்டா என்பதே நம் கேள்வி.

மரத்தின் கடிகாரம்

நாம் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். நம் தாயார் காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். அடுப்பு மூட்டி, சோறாக்கி, கேரியரில் கட்டி, தூங்குகிற கைப்பிள்ளையைத் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். அக்கா எழுந்து மற்றப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அக்காவுக்கு அப்போது பத்து வயது. காலை வேளையில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததாக நமக்கு நினைவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்திருக்கிறோம்.

இது துரையின் கொடுமையால் மட்டும் வந்த வழக்கம் அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மரமே அப்படி. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடுகிற நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. இரவில் இலை வழியாக நீர் ஆவியாகப் போவது குறைவு. ஆகையால் விடியற்காலையில் அந்தக் குழாய்கள் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். உளி பட்டதும் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏற ஏற விறைப்புத் தளர்ந்து பாலும் குறையும். ஆறு மணிக்கு வெட்டிய மரமும் பதினொரு மணிக்கு வெட்டிய மரமும் ஒரே அளவு பால் தராது என்பது உளி பிடித்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரை பிடிக்கிறோம்.

இங்கே ஒரு பழைய கதை. 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. ஆறரைக்கு விடிந்த பொழுது அன்று முதல் ஏழு மணிக்கு விடிந்தது. பள்ளிக்கூடம், கடை, பஸ் எல்லாம் புதிய கடிகாரத்துக்குப் போய்விட்டன. பால் மரத்துக்கு மட்டும் யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை! பெரட்டைப் பழைய மணியிலேயே வைத்தால் அரை மணி இருட்டுக் கூடும். சூரியனைப் பார்த்துத் தள்ளி வைத்தால் தாய் வீடு திரும்புவது அரை மணி தாமதமாகும். பிள்ளைக்கு ஒரு கடிகாரம், மரத்துக்கு ஒரு கடிகாரம். இரண்டுக்கும் நடுவே நின்று ஓடியது யார்? வாளி தூக்கிய பெண்தான்.

மழைக்கு நின்ற மணிக்கணக்கு

பால்வெட்டுக்காரரை மிகவும் வாட்டுவது மழை. இராத்திரி பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டுக் கோட்டில் பால் நிற்காது, பட்டையெல்லாம் வழிந்து தரையில் போகும். ஆகவே பட்டை காயும் வரை நிற்க வேண்டும். பெரட்டுக்கு வந்தாயிற்று. கேரியரும் கையில் இருக்கிறது. மழை தூறிக்கொண்டே இருக்கிறது.

"என்னா தண்டல், வெட்டா இல்லையா?"

"இரும்மா, பெரிய கிராணி இன்னும் சொல்லல. கொஞ்சம் வெளுக்குது பாரு."

ஏழு மணியாகும், எட்டு மணியாகும். ஸ்டோர் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது மணிக்கு, "போங்க, மரம் காஞ்சிருச்சு" என்பார்கள். அப்புறம் வெட்டினால் வெயில் வந்துவிடும், பால் குறையும். பால் எடுக்கப் பகல் இரண்டு மணி, மூன்று மணி ஆகும். அதற்குள் மாலை மழை கொட்டினால் மங்கிலிருக்கிற பாலும் தண்ணீராகப் போகும். எடைக்கும் ரப்பர் பாலின் கெட்டிக்கும் கூலி என்றால், அந்த நாளில் அதிக நேரம் நின்றவருக்குத்தான் குறைந்த காசு. சில நாள் ஒன்பது மணிக்கு, "இன்னைக்கு வெட்டு இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவதும் உண்டு. மூன்று மணி நேரம் நின்றதற்குக் கணக்கு எங்கே? எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இதுவும் நீக்குப்போக்கான வேலை நேரம்தானே ஐயா! தொழிலாளியைக் கேட்காமல் நடக்கிற நீக்குப்போக்கு.

நம் முன்னோர் இதற்கு வாய் மூடி இருந்துவிடவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதனோடு நின்ற தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பளம், பள்ளிக்கூடம், மருத்துவம், துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு, பத்து மணி பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாதனை அந்த ஆண்டு மே மாதம் பிடித்துக்கொண்டு போனார்கள். நேரம் என்பது அன்றைக்கே மானத்தோடு சேர்ந்த சங்கதியாக இருந்திருக்கிறது.

பிற்பாடு வந்த 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தோட்டத்தில் விவசாய வேலை செய்து, வேலை செய்த நாள் கணக்கில் சம்பளம் பெறுகிறவருக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். தொழிலாளி வேலைக்குத் தயாராக இருந்தும் வேலை கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். இந்தப் பிரிவு தோட்டத்துக்கென்றே எழுதப்பட்டது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மழை நாளில் உங்கள் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று செக்ரோலைக் கேட்டுப் பார்க்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

ஓய்வு நாள் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்கு விட்டுப்போன வெட்டை ஈடுகட்ட ஓய்வு நாளில் வெட்டச் சொன்னால், எடைக்கணக்கில் கூலி பெறுபவருக்கு வழக்கமான விகிதத்தைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். "ஞாயித்துக்கிழமை வெட்டிட்டு புதன்கிழமை லீவு எடுத்துக்க" என்று வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும்போது இதை மனதில் வையுங்கள். மாற்றிக்கொள்வது உங்களுக்கும் வசதி என்றால் சரி. முன்கூட்டியே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள்

இனி நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆண்கள். உதிரிப்பழம் பொறுக்குவது நம் பெண்கள், பத்துப் பன்னிரண்டு பேர். பெரட்டு காலை ஆறு மணிக்கு. பள்ளிக்கூட வேன் லயத்துக்கு வருவது ஆறே முக்காலுக்கு. வேனுக்குப் பிள்ளையை ஏற்றிவிட்டு வந்தால் பெரட்டு தப்பும், பெரட்டுக்குப் போனால் பிள்ளை தனியே நிற்கும். சின்னப் பிள்ளைகள் சடக்கோரத்தில் தனியே நிற்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது வேலைக்கு வராமல் இருந்துவிடுவார்கள். "உடம்பு சரியில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள். தண்டலுக்கும் உண்மை தெரியும்.

ஒரு நாள் ஒரு பெண் துணிந்து கேட்டார்.

"தண்டல் அண்ணே, நாங்க ஆறு மணிக்கு வந்து என்னா செய்றோம்? வெட்டுறவங்க குலைய இறக்கணும், அதுக்கப்புறந்தானே நாங்க பொறுக்கணும்? ஏழரை வரைக்கும் சும்மா குந்திக்கிட்டுத்தானே இருக்கோம்? நாங்க ஏழரைக்கு வரோம், ரெண்டரைக்குப் போறோம். மானேஜர் ஐயாகிட்ட சொல்லுங்க."

இதை அதுவரை யாரும் யோசித்துப் பார்க்காததுதான் ஆச்சரியம். ரப்பர்க் காலத்துப் பெரட்டு நேரம் செம்பனைக்கும் அப்படியே தொத்திக்கொண்டு வந்துவிட்டது! செம்பனைக்கு விடியற்காலை பால் இறங்குகிற கணக்கு கிடையாது. பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அந்த நிரைக்குத் திரும்பி வருவார்கள். தரையில் உதிர்ந்து கிடக்கிற பழத்தைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று சொல்வார்கள். செம்பனைக்குக் கெடு வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் குறையும். ஆகவே அங்கே முதலாளி பார்க்க வேண்டியது லோரி எப்போது புறப்படுகிறது என்பதை. பெண் எத்தனை மணிக்குக் குனிந்தாள் என்பது எண்ணெய்க்குத் தெரியாது.

மானேஜர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். உடனே எதிர்ப்பு வந்தது, அதுவும் நம் ஆட்களிடமிருந்தே. "பொம்பளைங்களுக்கு மட்டும் என்னா தனிச் சலுகை?" என்று மருந்தடிக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். லோரிக்காரர் கடைசிப் பயணத்தை இரண்டு மணிக்கு வைத்திருந்தார், அதை மூன்றாக்கச் சம்மதிக்கவில்லை. முதல் வாரம் கொஞ்சம் பழம் நிரையிலேயே நின்றுவிட்டது. பிறகு பெண்களே இரண்டாகப் பிரிந்து, பிள்ளை பெரிதாகிவிட்டவர்கள் வழக்கம் போல ஆறு மணிக்கே வந்து முதல் நாள் விட்டதைப் பொறுக்குவது, மற்றவர்கள் ஏழரைக்கு வருவது என்று வைத்துக்கொண்டார்கள். யார் எந்தக் குழு என்று அவர்களே பேசி மாற்றிக்கொண்டார்கள். தண்டலுக்குத் தலைவலி குறைந்தது.

அடுத்த முறை நாம் போனபோது வேலைக்கு வராமல் நிற்பது அநேகமாக இல்லை என்றார் அந்தத் தண்டல். உதிரிப்பழம் புல்லுக்குள் கிடந்து முளைக்கிறதும் குறைந்ததாம். இதில் தோட்டத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். உதிரிப்பழம் நன்றாகப் பழுத்த பழம், எண்ணெய் மிகுந்த பழம். பொறுக்காமல் விட்டால் எண்ணெயைத் தரையில் கொட்டுவதற்குச் சமம்.

முதலாளியின் கணக்குப் புத்தகம்

நல்ல மனதுக்காக மட்டும் முதலாளி நேரத்தை வளைத்துக் கொடுப்பார் என்று நாம் நம்பவில்லை. காசுக் கணக்கைக் காட்டினால் கொடுப்பார். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

பால்வெட்டு கைத்தொழில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்தோல் ஒன்று இருக்கிறது. உளி அதன் அருகே போக வேண்டும், அதைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், சில வருடம் கழித்து அந்தப் பக்கம் திரும்ப வெட்ட வரும்போது உளி ஓடாது. ஒரு மரம் இருபத்தைந்து முப்பது வருடம் பால் தர வேண்டும். கைதேர்ந்த வெட்டுக்காரர் ஒருவர் குடும்பத் தொல்லையால் வேலையை விட்டுப் போய், அந்த இடத்தில் பழகாத கையைப் போட்டால், இன்றைய பாலோடு பத்து வருடம் கழித்து வரவேண்டிய பாலும் போகிறது. அவரைத் தக்கவைக்க ஒரு மணி நேரத்தைத் தள்ளிக் கொடுப்பது பெரிய விலையா?

ஆள் பற்றாக்குறை என்று சங்கடப்படாத தோட்டம் இன்று கிடையாது. 2020-ல் தொற்றுநோய் வந்து எல்லை மூடிய பின் வெளிநாட்டுத் தொழிலாளர் வருவது தடைபட்டது. 2021, 2022 ஆண்டுகளில் குலை வெட்ட ஆளில்லாமல் பழம் மரத்திலேயே அழுகியது. அப்போது தோட்ட முதலாளிகள் எல்லாரும் ஒரே குரலில் கூப்பாடு போட்டார்கள். உள்ளூர் ஆட்கள் வருவதில்லை என்றார்கள். உள்ளூர்ப் பெண் ஏன் வருவதில்லை என்று கேட்டவர் எத்தனை பேர்? கூலி குறைவு என்பது முதல் காரணம், மறுக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் பெரட்டு வைத்தால் எப்படி வருவாள் என்பது இரண்டாவது.

ரப்பரில்கூட இப்போது வழி இருக்கிறது. மரத்துக்கு விடியற்காலை வேண்டும் என்பது மாறவில்லை. மற்றவை மாறிவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டிய மரத்தை, ஊக்க மருந்து தடவி மூன்று நாளைக்கு ஒரு முறை வெட்டுகிற முறை வந்து வெகு காலம் ஆகிறது. வெட்டுக் கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழைத் தண்ணீர் இறங்காமல் தடுக்கலாம். கட்டினால் மழை ஓய்ந்த கையோடு வெட்டப் போகலாம், ஸ்டோர் ஓரத்தில் உட்கார வேண்டியதில்லை. பாலாக எடுக்காமல் மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக எடுக்கிற இடங்களில் பகல் நேரத்துப் பால் எடுப்பே கிடையாது. வெட்டி முடித்ததும் வீட்டுக்குப் போகலாம், கட்டியைப் பிறகு சேர்க்கலாம். சிறுதோட்டக்காரர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பள்ளி விடுகிற நேரத்துக்குத் தாய் வீட்டில் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி வேறு என்ன?

எழுதிக் கேட்கிற வழி

இப்போது சட்டத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. அதே திருத்தத்தில் நம் விஷயமும் வந்திருக்கிறது. எந்தத் தொழிலாளியும் வேலை நேரத்தையோ, வேலை நாளையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி முதலாளியிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுதித் தர வேண்டும்.

கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் சொல்கிறது. பெரிதாக என்ன இருக்கிறது இதில் என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பெரட்டுக்களத்தில் கேட்ட கேள்விக்கு, "போம்மா, வேலயப் பாரு" என்ற பதிலையே நாலு தலைமுறையாகக் கேட்டவர்களுக்கு, காரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போகலாம், தொழிலாளர் இலாகாவுக்கும் போகலாம்.

எழுதும்போது 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். இப்போது எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்கு மாற்றிக் கேட்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து, உங்கள் வேலை எப்படித் தடைபடாது என்பதைச் சொல்லுங்கள். அந்த உதிரிப்பழப் பெண் சொன்னது போலச் சொல்லுங்கள்: "வெட்டுறவங்க இறக்கின அப்புறந்தானே நாங்க பொறுக்கணும்?" பள்ளிக்குப் போகிற உங்கள் பிள்ளையையே மலாயில் எழுதச் சொல்லலாம். ஒரு நகல் கையில் இருக்கட்டும், கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். பலருக்கும் ஒரே தொல்லை என்றால் சங்கக் கிளைச் செயலாளர் மூலம் பேசுவது இன்னும் நல்லது. சங்கத்துக்கும் முதலாளிமார் சங்கத்துக்கும் இடையே உள்ள கூட்டு ஒப்பந்தத்தில் மழை நாளைப் பற்றி என்ன இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரத்தை நகர்த்துவது வேறு, நேரத்தைக் குறைப்பது வேறு. ஆறு மணி வேலையை ஏழரைக்கு நகர்த்திவிட்டு, மாலையில் முன்போலவே விட்டால் ஒன்றரை மணி குறைந்துபோகிறது, அதற்கேற்பச் சம்பளமும் குறையலாம். கேட்கும் முன்பே இதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி முதலும், மற்ற இடங்களில் ஆகஸ்டு முதலும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நேர மாற்றத்தைச் சாக்கிட்டு அதற்குக் கீழே இறக்கப் பார்த்தால் விடாதீர்கள்.

அதைவிட மோசம் இன்னொன்று. "உனக்கு இஷ்டமான நேரத்துக்கு வா, இஷ்டமான நேரத்துக்குப் போ, ஆனா இனிமே நீ குத்தகை ஆள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செக்ரோலிலிருந்து பேரை எடுத்துவிட்டால் சேமநிதியும் சொக்சோவும் போய்விடும். மரத்திலிருந்து விழுந்த குலை காலில் அடித்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? பட்டணத்தில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற நம் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். 'நேரம் உன் கையில்' என்றுதான் அவர்களையும் சேர்த்தார்கள். நேரம் கையில் இருந்தது. விபத்து நடந்த அன்று மற்றது எதுவும் கையில் இல்லை. பேரை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்காதீர்கள்.

ஜொகூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் பலர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுவதில் பாட்டிக்கும் பேரனுக்கும் வித்தியாசமே இல்லை. பாட்டி பெரட்டுக்கு எழுந்தாள், பேரன் பாலத்து நெரிசலுக்கு எழுகிறான். அங்கே 2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து முத்தரப்பு வழிகாட்டி ஒன்று நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறைப்படி எழுதிக் கேட்டால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். வேலையை ஒரு மணி தள்ளித் தொடங்கினால் பாலத்தில் இரண்டு மணி மிச்சம் என்று சொல்கிற பிள்ளைகள், கேட்டுத்தான் பார்க்கட்டுமே.

மழைக்காலம் வந்துவிட்டது. கிழக்குக் கரைத் தோட்டங்களில் பட்டை காய்வதே அரிது. உங்கள் தோட்டத்தில் மழைக்கு எத்தனை மணி வரை நிற்க வைக்கிறார்கள், நின்ற நேரத்துக்கு என்ன கணக்கு எழுதுகிறார்கள், நேரத்தை மாற்றிக் கேட்டவர்களுக்கு என்ன பதில் வந்தது என்று நமக்கு எழுதுங்கள். நல்லபடி நடத்துகிற தோட்டமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். பேரைப் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.